மருமகன் சாப்பிடும் வரை

கதவுக்குப் பின்னால் நின்றபடியே என்மேல் அன்பு காட்டிய மாமிக்கு,

வருகிற செவ்வாய்க்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். டொரன்டோவில் உங்கள் மகன் சேகர் வீட்டில் திவசம் நடக்கும். இங்கே வெள்ளவத்தையில் நாங்களும் ஒரு இலை போடுகிறோம். உங்கள் மகள் சாந்தி இப்போதே மரக்கறிப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டாள். பாவற்காயைக் காணவில்லையே என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்போது அம்மா தின்ற பாவற்காய் ஏழு பிறப்புக்குப் போதும் என்றாள்.

எங்கள் ஒழுங்கையை நீங்கள் இப்போது பார்த்தால் வழி தவறிவிட்டோம் என்று திரும்பிப் போவீர்கள். ஜெஸீமா ராத்தாவின் வீடும், அதன் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த இரண்டு அறையும் போய், அந்த இடத்தில் எட்டு மாடி எழும்பி நிற்கிறது. நாங்கள் இப்போது அடுத்த ஒழுங்கையில். ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி பொயின்ற் இருந்த மூலையில் பழச்சாறு விற்கிறார்கள். உங்கள் பேத்தி துளசி கலியாணம் முடித்துத் தெஹிவளையில் இருக்கிறாள். அந்தரம் அவசரம் என்றால் ஓட்டோவில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள், அந்தரப்படாவிட்டாலும் வருகிறாள்.

எனக்கும் நீரிழிவு, உங்களுடைய அந்தச் சீனி வருத்தம், வந்துவிட்டது, மாமி. என்னுடைய பரம்பரையில் ஒருவருக்கும் இல்லை. இது மாமி தந்த சீதனம், கலியாணத்தின்போது பேசாமல் விட்டது என்று சாந்தி பகிடி பண்ணுகிறாள். இப்போதைக்குக் குளிசைதான். ஊசி வரைக்கும் போகவில்லை.

இதெல்லாம் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. போன கிழமை திவச ஒழுங்குகளைப் பற்றிக் கதைக்கச் சேகரின் மனைவி கலா ஃபோன் எடுத்தாள். சாந்தி கோயிலுக்குப் போயிருந்ததால் நான்தான் கதைத்தேன். கதையோடு கதையாக உங்களைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னாள். அதைக் கேட்ட நாள் தொடக்கம் எனக்கு உங்களோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது. அது என்ன குறை என்று கேட்பீர்கள். பொறுங்கள், சொல்கிறேன். அதைச் சொல்ல முதல் நீங்கள் எங்களோடு இருந்த அந்த ஒன்பது பத்து மாதத்தைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நீங்கள் கொழும்பு வந்து இறங்கிய அந்தப் பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். சாந்தி உங்களைக் கட்டிப்பிடித்துவிட்டு, கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு மெலிந்திருந்தீர்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சீனிக் குளிசை கிடைக்கவில்லை, கிடைத்ததையும் பாதி பாதியாக உடைத்துப் போட்டேன் என்று பிறகுதான் சொன்னீர்கள். இருமலுக்குக் காரணம் கேட்டால் கப்பல் காற்று என்றீர்கள். கப்பலில் ஏறுவதற்கு இரண்டு மாதம் முந்தியே அந்த இருமல் வந்ததை நீங்கள் சொல்லவில்லை.

நீங்கள் வந்தது எங்களைப் பார்க்க அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போன மகனைப் பன்னிரண்டு வருஷமாக நீங்கள் காணவில்லை. அவன் ஸ்பொன்சர் பண்ணி, கடதாசிகள் எல்லாம் சரிவந்து, மெடிக்கல் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு மாதத்தில் பிளேன் ஏறிவிடலாம் என்றுதான் இரண்டு சேலையும் ஒரு சுவெட்டரும் மட்டும் கொண்டுவந்திருந்தீர்கள்.

மெடிக்கலுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தில் காசம் என்று வந்தது. சளியைச் சோதித்தார்கள், அதிலும் கிருமி. ஆறு மாதம் குறையாமல் மருந்து எடுக்க வேண்டும், பிறகு திரும்பப் படம் எடுத்து, சளி சோதித்து, எல்லாம் சுத்தம் என்று வந்தால்தான் விசா என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது யன்னலோரம் இருந்த நீங்கள் சாந்தியின் காதில் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "பிள்ளை, நான் சேகரைப் பாக்காமலே போயிடுவனோ?" முன் சீற்றில் இருந்த எனக்கும் அது கேட்டது.

ராத்தாவுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரிக்குக் காசம் என்று தெரிந்தால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவா என்று பயந்தோம். அந்த நாளில் வடக்கிலிருந்து வந்தவருக்கு இன்னொரு வீடு தேடுவதும், புதிதாகப் பொலிசில் பதிவதும் லேசான காரியமா? உங்களுக்குச் சீனி என்று மட்டும் சொன்னோம். ஆஸ்பத்திரிக்கு ஏன் நாள்தோறும் போகிறீர்கள் என்று அவ கேட்கவில்லை. அதை நாங்கள் எங்கள் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் இரண்டு மாதம் தினமும் கிளினிக்குக்குப் போய், அவர்கள் கண் முன்னால் குளிசைகளை விழுங்க வேண்டும். விடிய ஒருகொடவத்தைக்கு வேலைக்குப் போகிற வழியில் நான் உங்களைக் கொண்டுபோய் விடுவேன், சாந்தி தான் படிப்பிக்கிற பாடசாலை விட்டு வந்து கூட்டிவருவாள். மருமகனோடு ஒரே சீற்றில் இருக்க உங்களுக்கு வெட்கம். பஸ்ஸில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்து அதற்கு மூன்று சீற் தள்ளித்தான் இருப்பீர்கள். கண்டக்டர் ரிக்கெற்றுக்கு வந்தால், பேசாமல் விரலை மட்டும் என் பக்கம் நீட்டுவீர்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் அம்மா இல்லை, ஐயாவும் நாங்கள் நாலு ஆண்பிள்ளைகளும்தான். பசித்தவன் சட்டியைத் திறந்து தின்றுவிட்டுப் போவான். யாழ்ப்பாணத்து மாமி மருமகன் முறையெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் எனக்கு நேரே நின்று பரிமாறியதில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "அவரைக் கேள் பிள்ளை, இன்னும் கொஞ்சம் பிட்டு வைக்கட்டோ எண்டு" என்பீர்கள். நான் இரண்டு முழம் தூரத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாந்தி திரும்பி என்னிடம் அதையே கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த முறையில் இன்னொன்றும் இருந்தது. மருமகன் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நீங்கள் ஒரு வாய் வைக்க மாட்டீர்கள். அதை நான் கவனிக்கவே இல்லை, மாமி. இத்தனைக்கும் ஒரே வீட்டுக்குள் இருந்தோம்.

உங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இரண்டு கட்சி. காசத்துக்கு உடம்பு தேற வேண்டும் என்று மோல்ட் டின்னும் பேரீச்சம்பழமும் கொண்டுவருகிறவர்கள் ஒரு கட்சி. சீனிக்கு நல்லது என்று பாவற்காய்ச் சாறும் வெந்தயமும் கொண்டுவருகிறவர்கள் மறு கட்சி. கிருலப்பனையில் இருந்த உங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சி இரண்டு கட்சியிலும் இருந்தா. நீங்கள் ஒருவரின் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் சாப்பிட்டீர்கள்.

இரண்டு மாதம் முடிந்து சளியைச் சோதித்தபோது கிருமி அப்படியே இருந்தது. டொக்டர் எங்களைத்தான் ஏசினார், உங்களை ஒன்றும் சொல்லவில்லை. இரத்தத்தில் சீனி இப்படி ஏறி இருந்தால் நெஞ்சு ஆறவே ஆறாது, இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் வருத்தம் என்றார். காசக் குளிசைகள் சீனிக் குளிசையின் வேலையையும் குறைத்துவிடுமாம். இனி இன்சுலின் ஊசிதான், காலையும் மாலையும், ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு. வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால் இந்த அம்மா சுகமாகலாம், இல்லாவிட்டால் கனடாவை மறந்துவிடுங்கள் என்றார்.

அன்றைக்கே வீட்டில் சீனிப் போத்தலைக் காலி பண்ணினோம். எல்லோரும் சீனி இல்லாத தேத்தண்ணி, எல்லோரும் குரக்கன் பிட்டு. நாலு வயசுத் துளசி மட்டும் ராத்தா வீட்டுக்குப் போய்ப் பிஸ்கட் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஃபிரிட்ஜ் எங்களிடம் இல்லாததால் இன்சுலின் போத்தல் ராத்தாவின் ஃபிரிட்ஜில், அவவின் வட்டிலப்ப இனிப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஊசி வாங்கிக்கொண்டு வரும்போது சென்றியில் ஒருமுறை என் பையைக் கிண்டிப் பார்த்தார்கள். மாமிக்குச் சீனி வருத்தம் என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பெடியன் ஊசிப் பெட்டியை மெல்ல மூடித் தந்தான். தன் அம்மாவுக்கும் அதுதான் என்றான்.

விடிய ஆறரைக்குச் சாந்தி உங்களுக்கு ஊசி போடுவாள். ஆறே முக்காலுக்கு நான் சாப்பிட்டு முடித்து எழும்புவேன். அதற்குப் பிறகு நீங்கள் சாப்பிடுவீர்கள். டொக்டர் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. என் வேலை நேரம் அப்படி அமைந்ததால்தான் அது பொருந்தியது என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. ஆறரை தாண்டிச் சில நிமிஷம் இருக்கும், சாந்தி அப்போதுதான் ஊசி போட்டு முடித்திருந்தாள். ஆமியும் பொலிசும் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்து வீடு வீடாக ஏறினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், உங்கள் பொலிஸ் பதிவைக் கேட்டார்கள். உங்கள் பெயரைப் பதிந்த துண்டு எங்கேயோ மாறி வைத்துவிட்டோம், உடனே கைக்கு வரவில்லை. சரி, நீ வா, ஸ்டேஷனில் வைத்துப் பார்க்கலாம் என்று என்னை மற்ற ஆண்களோடு ட்ரக்கில் ஏற்றினார்கள். மேசையில் என் பிட்டு ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்தத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு சாந்தி ஸ்டேஷனுக்கு ஓட வெளிக்கிட்டாள். துளசியைக் கீழே ராத்தாவிடம் விட்டாள். அம்மா, ஊசி போட்டாச்சு, இப்பவே சாப்பிடுங்கோ என்று உங்களிடம் இரண்டு தரம் சொன்னாளாம். ஓம், நான் சாப்பிடுவன், நீ போ என்றீர்களாம். நீங்கள் பொய் சொல்லத் தெரிந்தவர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் ஸ்டேஷன் முற்றத்தில் வெயிலில் இருந்தேன். பசித்தது உண்மைதான், ஆனால் அது பெரிய பசி இல்லை. பக்கத்தில் இருந்தவர் தந்த பாதி பணிஸைக்கூட வேண்டாம் என்றேன். இங்கே நான் அதை வேண்டாம் என்ற நேரம் அங்கே நீங்கள் என்ன நிலையில் இருந்தீர்களோ, மாமி.

ஒன்பது மணியளவில் துளசி பொம்மையை எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் ராத்தா அவளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறா. நீங்கள் குசினி நிலத்தில் கிடந்தீர்கள். சேலை முழுக்க வேர்வையில் நனைந்து, கூப்பிட்டால் என்னவோ உளறுகிறீர்கள். ராத்தாவின் புருஷனுக்கும் சீனி வருத்தம் இருந்ததால் அவவுக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தேடினால் ஒரு மணி சீனி இல்லை. கீழே ஓடிப் போய்ப் பாணிப் போத்தலை எடுத்துவந்து, விரலால் தொட்டுத் தொட்டு உங்கள் கன்னத்துக்கு உட்பக்கம் தடவியிருக்கிறா. நீங்கள் கண் விழித்து விழுங்கத் தொடங்கிய பிறகு சீனித் தண்ணி கரைத்துப் பருக்கியிருக்கிறா.

சாந்தி வந்து பார்த்தபோது மேசையில் என் சாப்பாட்டுக் கோப்பை மூடியபடி இருந்ததாம். உங்கள் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி ராக்கையில் இருந்ததாம். நீங்கள் அதை எடுக்கக்கூட இல்லை.

அவள் அழுதுகொண்டு ராத்தாவின் கையைப் பிடித்து, உங்களை இவ்வளவு கிட்ட வரவிட்டுவிட்டோமே, அம்மாவுக்குக் காசமும் இருக்கு என்று அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். ராத்தா கையை இழுக்கவில்லை. "எனக்குத் தெரியும் மகள். என்ட வாப்பாக்கும் இந்த வருத்தந்தான் வந்த. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்த" என்றாவாம். அந்த மனுசி இருந்த இடத்தில் இப்போது ஆர் ஆரோ இருக்கிறார்கள். பெயர்கூடத் தெரியாது.

மத்தியானம் தாண்டி என்னை விட்டார்கள். நான் படியேறி வந்ததும் நீங்கள் எழும்பிக் குசினிக்குள் போகப் பார்த்தீர்கள், எனக்குச் சாப்பாடு சூடாக்க. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் வெளியே போய்விட்டேன். கடற்கரைத் தண்டவாளம் வரை நடந்தேன். என் பொறுமையைப் பற்றி உங்கள் மகளைக் கேளுங்கள், சொல்லுவாள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் உங்கள் மேலா, என் மேலா, என்னைக் கொண்டுபோனவன் மேலா என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று நாள் நீங்கள் ஊசி வேண்டாம் என்றீர்கள். சாந்தி கெஞ்சினாள், சேகர் ஃபோனில் அழுதான். மகனைப் பார்க்கத்தானே ஊசி, மகனைப் பார்க்க விடாமல் அதுவே என்னைக் கொண்டுபோகப் பார்த்ததே என்று நீங்கள் கேட்டீர்கள். சீனி திரும்ப ஏறியது. இருமலும் கூடியது. ஊசி இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது, நெஞ்சு ஆறாவிட்டால் சேகர் இல்லை. அதைச் சொல்ல எங்கள் வீட்டில் மிஞ்சி இருந்தவன் நான் ஒருவன்தான்.

நாலாம் நாள் விடிய நான் குசினிக்குள் வந்தேன். நீங்கள் வந்து சேர்ந்த நாள் தொடக்கம், நீங்கள் உள்ளே இருக்கும்போது நான் அந்தப் படியைத் தாண்டியது அதுதான் முதல் தரம். பலகையை இழுத்துப் போட்டு நிலத்தில் இருந்தேன். நீங்கள் திடுக்கிட்டு எழும்பினீர்கள். போகிறதற்கு வழி இல்லை, வாசலில் நான் இருந்தேன்.

"மாமி, உங்களை விழுத்தினது ஊசி இல்லை. நான்."

"ஐயோ தம்பி, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"அப்ப இனி நான் வந்தாலென்ன, வராட்டிலென்ன, என்னைப் பிடிச்சுக்கொண்டு போனாலென்ன, ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ளை நீங்கள் சாப்பிட வேணும். என்னைப் பாக்கக் கூடாது."

நீங்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள். கிருமிக்காக மூடினீர்களோ, அழுகைக்காக மூடினீர்களோ. பிறகு என் முகத்தைப் பார்த்து, சாந்தி இடையில் இல்லாமல், நேரே என்னிடம் கேட்டீர்கள்.

"நீங்கள் எங்கையோ பசியோட இருக்க, எனக்கு எப்பிடித் தம்பி இறங்கும்?"

மாமி, எனக்கு நினைவு தெரிந்த நாள் தொடக்கம் என் பசியைப் பற்றி ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் கடுமையாகத்தான் கதைத்தேன்.

"இறங்காட்டிலும் விழுங்குங்கோ. குளிசை விழுங்கிறீங்கள்தானே. நான் எங்கை போனாலும் திரும்பி வந்தவுடன முதல் அதைத்தான் கேப்பன். சாப்பிட்டனீங்களோ எண்டு."

நீங்கள் "சரி" என்றீர்கள். சத்தியம் ஒன்றும் நான் கேட்கவில்லை. உங்கள் சரி அதைவிடப் பெரிது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் நான் எழும்பி வரும்போது நீங்கள் குசினி மூலையில், சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். களவாகச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு, அவசரமாக. வெட்கத்தில் உங்கள் காது சிவந்திருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படியில் இருந்து பேப்பர் விரித்தேன். கோப்பை கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து, சாப்பிட்டனீங்களோ மாமி என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து "ஓம்" என்று வந்தது. அன்றைக்குத் தொடக்கம் அதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கு.

பிறகு எல்லாம் மெல்ல மெல்லச் சரிவந்தது. ஒரு மாதம் கூடுதலாகக் கடும் மருந்து எடுத்தீர்கள், அடுத்த சளிச் சோதனை சுத்தம். கன்னம் நிரம்பியது. சட்டைகளைச் சாந்தி இரண்டு தரம் பிரித்துத் தைத்தாள். வாசலோடு நின்று அம்மம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்த துளசி, ஒருநாள் டொக்டர் சரி என்ற பிறகு உங்கள் மடியில் ஏறி இருந்தாள், இறங்க மாட்டேன் என்றாள். ஊசியை நீங்களே போடப் பழகிக்கொண்டீர்கள். சாந்தி போடுவதுபோல் நோகவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

விசாக் கடிதம் வந்த நாள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், உங்கள் மகனுக்காகச் சந்தோஷப்பட்டது பாதிதான், மாமி. இன்னும் கொஞ்ச நாள் பிந்தியிருக்கலாம் என்று எனக்குள் ஒரு பொல்லாத ஆசை இருந்தது. விடிய எழும்பினால் குசினியில் ஒரு ஆள் இருக்கிற வீடு எனக்கு அதுவரைக்கும் வாய்த்ததில்லை.

கட்டுநாயக்கா எயர்போட்டில் உள்ளே விடமாட்டார்கள், வெளிக் கேற்றடியில்தான் பிரிந்தோம். சாந்தியையும் துளசியையும் கொஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். தலையில் கை வைப்பீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன். உங்களுக்கு அந்த அளவுக்குத் துணிவு வரவில்லை. "தம்பி, போட்டு வாறன்" என்று என் ஷர்ட் பொத்தானைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு சேகரைக் கண்டீர்கள். அது போதும் என்று நான் அன்றைக்கே அந்தக் கதையை முடித்துக்கொண்டேன்.

இப்போது கலா சொன்னதுக்கு வருகிறேன்.

அவள் கெட்டவள் இல்லை, மாமி. கடைசி வருஷத்தில் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள்தான். ஆனாலும் மனதில் ஒன்று கிடந்து உறுத்தியிருக்கிறது. மாமி எல்லாத்திலும் நல்லவ அண்ணா, சாப்பாட்டில மட்டும் ஒருத்தரையும் பாக்க மாட்டா என்றாள். எட்டு மணி என்றால் எட்டு மணி. சேகர் வேலையால் வராவிட்டாலும், பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தாலும், வீட்டுக்கு ஆள் வந்திருந்தாலும் தன் கோப்பையோடு போய் மேசையில் இருந்துவிடுவா, ஆர் சாப்பிட்டது ஆர் சாப்பிடாதது என்று கேட்கவே மாட்டா என்றாள். நான் சிரித்தேன். சீனி வருத்தக்காரருக்கு அது நல்லதுதானே என்றேன்.

அது இல்லை அண்ணா, உங்களைப் பிடிச்ச நேரமும் அப்பிடித்தான் என்றாள்.

நீங்கள் கனடா போய் மூன்றாம் வருஷம் என்னை வேலைத்தளத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஐந்து நாள் வைத்திருந்தார்களே, அது. சாந்தி ஒவ்வொரு நாளும் டொரன்டோவுக்கு எடுத்து அழுதிருக்கிறாள். அங்கே உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். நீங்கள் மட்டும் ஊசியைப் போட்டுவிட்டு, எட்டு மணிக்கு நீங்களே எழும்பி ஒரு துண்டு பாண் வெட்டி எடுத்துக்கொண்டு மேசையில் போய் இருந்தீர்களாம். காலையும் மாலையும், ஐந்து நாளும். கண்ணால் தண்ணி ஓட ஓடக் கோப்பையை முடித்தீர்களாம். கலாவுக்குப் பொறுக்கவில்லை. மருமகன் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது, உங்களுக்கு எப்பிடி மாமி இறங்குது என்று கேட்டுவிட்டாளாம்.

அதற்கு நீங்கள் சொன்னது அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதை அப்படியே எனக்குச் சொன்னாள்.

"அவர் வந்து கேப்பார்."

அவ்வளவுதானாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். ஏன் மாமி சொல்லவில்லை? எனக்காகப் பசியோடு இருந்து நீங்கள் சாகக் கிடந்த கதையைச் சொன்னால் மருமகனின் பெயர் கெட்டுவிடும் என்றா? கல்மனசுக்காரி என்று அவள் உங்களை இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாளே.

இன்னொன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் ஒரு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. ஐந்தாம் நாள் என்னை விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சாந்தி உங்களுக்கு ஃபோன் எடுத்து என் கையில் தந்தாள். நீங்கள் "தம்பி" என்றீர்கள். பிறகு ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். சுகமாக இருக்கிறேன், அடி ஒன்றும் விழவில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சேகரிடம் கொடுங்கள் என்றும் சொல்லியிருப்பேன். நான் கேட்டேனா, மாமி? சாப்பிட்டனீங்களோ என்று கேட்டேனா?

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சாந்தியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. அந்த முனையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அதற்காகத்தான் பேசாமல் நின்றீர்களோ?

இந்தக் கடிதத்தை முதலில் கலாவுக்குத்தான் அனுப்பப் போகிறேன். அவள் உங்களைப் பற்றி நினைத்த பிழையைத் திருத்துவது என் கடமை. செவ்வாய்க்கிழமை இங்கே உங்களுக்கு இலை போட்டுப் படைத்த பிறகு, நான் என் கோப்பையைத் தொட முதல், மகளும் பேரப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு நிற்க, சத்தமாகவே கேட்பேன், மாமி. இனி ஒவ்வொரு வருஷமும் கேட்பேன்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டேனோ தெரியாத,
உங்கள் மருமகன்
வெள்ளவத்தை